பினாங்கு விடுமுறை வீட்டைக் காலி செய்யும் நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்து பெரிங்கியில் கடற்கரைச் சாலையை விட்டுச் சற்று மேடேறினால் ஒரு மூன்று அறை வீடு. அதை நானும் அம்மாவும்தான் பார்த்துக்கொள்கிறோம். கோலாலம்பூர், ஈப்போ, ஜொகூர் பாரு என்று பல ஊர்களிலிருந்தும் குடும்பங்கள் வந்து மூன்று நாள், நான்கு நாள் தங்குகிறார்கள். வரும்போது யாரும் அதிகம் கேட்பதில்லை. கிளம்பும் நாள் காலையில்தான் என் கைப்பேசி ஓயாமல் அடிக்கும். அப்படிக் கேட்டவற்றுக்கெல்லாம் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பினாங்கில் வேறு எந்த வீட்டில் தங்கினாலும் பெரும்பாலும் இதுவே பொருந்தும்.

வீட்டை எவ்வளவு சுத்தம் செய்துவிட்டுப் போக வேண்டும்?

தூசி, தரை, கண்ணாடி, கட்டில் விரிப்பு எல்லாம் எங்கள் வேலை. அதற்குத்தான் சுத்தம் செய்யும் கட்டணம் வாங்குகிறோம். நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியவை இரண்டே இரண்டு: சாப்பாடும் ஈரமும்.

ஏன் என்று சொல்கிறேன். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுக்க ஏறக்குறைய 80 விழுக்காடு. பூட்டிய வீட்டுக்குள் வெப்பமும் சேர்ந்துகொள்ளும். நான்கு நாள் பெருக்காத தரை நான்கு நாள் பெருக்காத தரையாகவே இருக்கும், ஐந்து நிமிடத்தில் சரி செய்துவிடலாம். மூடி வைத்த சோறு அப்படி இல்லை.

ஒருமுறை ஒரு குடும்பம் செவ்வாய்க்கிழமை கிளம்பியது. அடுத்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைதான் வருகிறார்கள் என்பதால் நாங்களும் சனிக்கிழமை சுத்தம் செய்துகொள்ளலாம் என்று இருந்துவிட்டோம். கதவைத் திறந்ததும் புளித்த வாடை. சமையலறையில் சோற்றுப் பானையின் மூடியைத் தூக்கினேன். அரை ஆழாக்குச் சோறு கூட இருக்காது. அதன் மேல் பச்சையும் கறுப்பும் ஆரஞ்சுமாக விரல் உயரத்துக்குப் பூஞ்சை. மூடியின் ரப்பர் வளையத்துக்குள் புழு நெளிந்தது. பானையைக் கழுவி எடுத்துவிட்டோம், ஆனால் அந்த ரப்பரின் வாடை போகவே இல்லை. கடைசியில் தூக்கித்தான் போட்டோம். அந்த அம்மா வீடு முழுக்கத் தரையை மொப் போட்டுத் துடைத்துவிட்டுப் போயிருந்தார். அவ்வளவு அக்கறை உள்ளவர். சோற்றுப் பானையை மட்டும் யாரும் அவருக்கு நினைவுபடுத்தவில்லை.

அதனால் நேரம் குறைவாக இருந்தால் தரையை விடுங்கள், பானையைப் பாருங்கள்.

எப்போது மூட்டை கட்டத் தொடங்குவது?

முந்தின நாள் இரவு. 12 மணிக்குக் காலி செய்ய வேண்டுமானால் காலையில் எழுந்து தொடங்கலாம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் காலையில் குழந்தைகள் கடைசியாக ஒருமுறை கடலில் இறங்கக் கேட்பார்கள். பெரியவர்கள் பசியாற ரொட்டி சானாய் வாங்கப் போவார்கள். பத்தரை ஆகிவிடும்.

இரவு சாப்பிட்டு முடித்ததும் பெரிய பெட்டிகளைக் கட்டி வாசலருகே வைத்துவிடுங்கள். மறுநாள் உடுத்தும் துணி, பல்துலக்கி, மருந்து, சார்ஜர் ஆகியவற்றுக்கு மட்டும் ஒரு சிறு பை வெளியே இருக்கட்டும். பெரியவர்களின் மருந்துப் பையை எந்தப் பெட்டிக்குள்ளும் போடாதீர்கள். அது கையோடு வர வேண்டியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல குடும்பங்களில் அம்மா ஒருவரே எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டிருப்பார், மற்றவர்கள் சோபாவில் இருப்பார்கள். அவருக்கும் அது விடுமுறைதான். ஆளுக்கொரு அறை என்று பிரித்துக் கொடுங்கள். எட்டு வயதுப் பிள்ளையால் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்க்க முடியும், உண்மையில் அதுவே நன்றாகப் பார்க்கும்.

பிரிட்ஜில் மிஞ்சியதை அடுத்து வருபவர்களுக்கு விட்டுப் போகலாமா?

நல்ல மனசோடுதான் கேட்கிறீர்கள். பிரிக்காத தண்ணீர் போத்தல், பிரிக்காத பால் டின், உப்பு, சீனி, சமையல் எண்ணெய் இவற்றை விட்டுப் போகலாம். திறந்த எதையும் விடாதீர்கள். வருபவர்கள் அதைத் தொட மாட்டார்கள். எத்தனை நாள் பழையது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

தோசை மாவு பற்றித் தனியாகச் சொல்கிறேன். ஊரிலிருந்து அரைத்துக் கொண்டுவருவார்கள், ஒரு டப்பா மிஞ்சும், பிரிட்ஜின் கடைசித் தட்டில் மறந்து போகும். குளிரிலும் மாவு மெல்லப் புளிக்கத்தான் செய்யும். மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்து காய்கறித் தட்டுக்குள் இறங்கிக் காய்ந்தால் சிமெண்டு மாதிரி ஒட்டிக்கொள்ளும். கடைசி நாள் காலையில் மிச்ச மாவை எல்லாம் தோசையாக ஊற்றி வழிக்குக் கட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் இட்லிப் பொடி இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம்.

டுரியான் பருவத்தில், மே கடைசியிலிருந்து ஜூலை வரை, பாலிக் புலாவ் போய் வருபவர்கள் சுளைகளை டப்பாவில் அடைத்து வைப்பார்கள். டப்பாவை எடுத்துக்கொண்டு போனாலும் வாசம் நின்றுவிடும். கிளம்பும் முன் ஒரு கிண்ணத்தில் காப்பித் தூளைப் போட்டு உள்ளே வைத்துவிடுங்கள். மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

குப்பையை எங்கே, எப்படிப் போடுவது?

வாசலில் இரண்டு தொட்டிகள் உள்ளன. ஒன்று சாப்பாட்டுக் குப்பைக்கு. மற்றொன்று போத்தல், டின், அட்டைக்கு. பினாங்கில் குப்பையைப் பிரித்துப் போடுவது 2017 முதல் கட்டாயம், அதனால் இது எங்கள் விருப்பம் மட்டுமில்லை.

பையை இறுகக் கட்டித் தொட்டிக்குள் போட்டு, மூடியின் கொக்கியை மாட்ட வேண்டும். கொக்கி முக்கியம். பின்னால் காடு, குரங்குகள் காலை ஏழு மணிக்கே வந்துவிடும். நீண்ட வாலுள்ள பழுப்புக் குரங்குகள்தான் குப்பைக்கு வருபவை. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள கறுத்த லோத்தோங் குரங்கு மரத்திலேயே இலை தின்றுகொண்டிருக்கும், தொந்தரவு செய்யாது. கொக்கி மாட்டாத தொட்டியைப் பழுப்புக் குரங்கு ஒரு நிமிடத்தில் கவிழ்த்துவிடும். குழந்தையின் அணையாடை சாலை முழுக்கக் கிடந்த ஒரு காலையில் பக்கத்து வீட்டுப் பெரியவர் எங்களுக்கு முன்னே வந்து பெருக்கிக்கொண்டிருந்தார். அந்தக் காட்சியை நான் மறக்கவில்லை.

மிஞ்சிய சோற்றைக் குரங்குக்குப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒருநாள் கிடைத்தால் மறுநாள் வீட்டுக்குள்ளேயே வந்து கேட்கும்.

பொரித்த எண்ணெயைத் தொட்டியிலோ கால்வாயிலோ ஊற்ற வேண்டாம். ஆறவிட்டுப் பழைய போத்தலில் ஊற்றி அடுப்பருகே வையுங்கள். பழைய எண்ணெயை எடை போட்டு வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அப்புறம், கடைகளில் வாங்கிய பிளாஸ்டிக் பைகளைத் தூக்கி எறியாமல் சேர்த்து வையுங்கள். பினாங்கில் 2011 முதல் எந்த நாளும் இலவசமாகப் பை கிடையாது, குப்பை கட்ட அவையே உதவும்.

குளித்த துணி காயவில்லை. என்ன செய்வது?

முதலில், கடைசி நாள் காலையில் நீச்சலுடையைத் துவைக்காதீர்கள். துவைத்தால் காயாது. செப்டம்பர், அக்டோபர் மழை மாதங்களில் முந்தின நாள் மாலையில் துவைத்ததே காயாது.

உப்புத் தண்ணீர் போக ஒருமுறை அலசுங்கள். பிழிந்ததும் காய்ந்த துண்டு ஒன்றைத் தரையில் விரித்து, துணியை அதன்மேல் பரப்பி, பாய் சுருட்டுவது போல இரண்டையும் சேர்த்துச் சுருட்டி முழங்காலால் அழுத்துங்கள். துண்டு பாதி ஈரத்தைக் குடித்துவிடும். பிறகு பழைய நாளிதழில் சுற்றிப் பையில் போடுங்கள். காரில் போகிறவர்கள் அந்தப் பையை மேலாக வைத்து, வீடு போனதும் முதலில் அதைத்தான் திறக்க வேண்டும். ஈரத்துணியைப் பெட்டிக்கு அடியில் திணித்துவிட்டு இரண்டு நாள் கழித்துத் திறந்தால் பெட்டியின் உள்துணியே கறுப்புப் புள்ளி பிடித்துவிடும்.

எங்கள் துண்டுகளைக் கட்டில்மேல் குவிக்காதீர்கள், அது ஒன்றுதான் வேண்டுகோள். மெத்தை ஈரத்தை உறிஞ்சினால் உலரப் பல நாள் ஆகும். குளியலறைக் கம்பியில் போட்டுவிடுங்கள்.

மணல்?

வெளிக்குழாயில் கால் கழுவிவிட்டு உள்ளே வாருங்கள். மணல் ஒட்டிய துணியைச் சலவை இயந்திரத்தில் போட வேண்டாம். தரையில் இருக்கும் மணலை நாங்கள் கூட்டிக்கொள்வோம்.

தைப்பூசத்துக்கு வந்தோம். விரிப்பில் மஞ்சள் பட்டுவிட்டது. காசு கட்ட வேண்டுமா?

வேண்டாம். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நேர்த்திக்கடன் செலுத்த வருபவர்கள் இந்த வீட்டில் ஒவ்வோர் ஆண்டும் தங்குகிறார்கள். பால்குடம் எடுத்து 513 படி ஏறி இறங்கி வந்த களைப்பில் மஞ்சள் துணியோடு அப்படியே கட்டிலில் சாய்ந்துவிடுவார்கள். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

நீங்களாகத் தேய்த்துப் பார்க்காதீர்கள் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மஞ்சள்மேல் சோப்புப் பட்டதும் கறை சட்டென்று இரத்தச் சிவப்பாக மாறும். ஒரு பெண் அதைப் பார்த்து அழுதேவிட்டார், துணியைக் கெடுத்துவிட்டோம் என்று. சோப்பின் காரம் பட்டால் மஞ்சள் அப்படித்தான் நிறம் மாறும், அலசினால் திரும்பவும் மஞ்சளாகிவிடும். மீதிக் கறை வெயில் பட்டால் தானாக மங்கும். இரண்டு நாள் கொடியில் கிடந்தால் போதும். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு விரிப்பைத் தனியாக மடித்து வையுங்கள்.

வேப்பிலை, மாலை, உடைத்த தேங்காய் இவற்றைக் குப்பையில் போட மனசு வராது, தெரியும். பின்பக்கம் முருங்கை மரத்தடியில் வைத்துவிடுங்கள். தேங்காய்ப் பருப்பை மட்டும் எடுத்துவிடுங்கள், அதற்குத்தான் குரங்கு வரும்.

சாமி மாடத்தில் விளக்கேற்றினோம். அதை எரியவிட்டே கிளம்பலாமா?

கூடாது. பூட்டிய வீட்டுக்குள் எரியும் தீயை விட்டுப் போகக் கூடாது. கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பு கும்பிட்டுவிட்டு, பூவாலோ திரியை எண்ணெய்க்குள் இழுத்தோ விளக்கைக் குளிர வைத்துவிடுங்கள். ஊதுவத்திச் சாம்பலிலும் கங்கு இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

கேஸ், சுவிட்ச், ஏர்கோன்: எதை அணைப்பது, எதை விடுவது?

கேஸ் தோம்பின் தலையில் உள்ள திருகைக் கட்டாயம் மூட வேண்டும். அடுப்பின் குமிழை மூடினால் மட்டும் போதாது. தோம்புக்கும் அடுப்புக்கும் நடுவே இருப்பது ரப்பர்க் குழாய், அதில் எலி வாய் வைத்தால் ஓட்டைதான்.

ஏர்கோன், மின்விசிறி, குளியலறைச் சுடுநீர்ச் சுவிட்ச், விளக்குகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இடி மின்னல் அதிகமுள்ள ஊர் இது, அதனால் தொலைக்காட்சி, வைஃபை பெட்டி இரண்டின் பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கிவிடுவது நல்லது.

மெயினை மட்டும் தொடாதீர்கள். நல்ல எண்ணத்தில்தான் சிலர் எல்லாவற்றையும் சேர்த்து மெயினில் அணைத்துவிடுகிறார்கள். அதோடு பிரிட்ஜும் நின்றுபோகும், மூடிய கதவுக்குள் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுப் போகலாமா? அடுத்து வருபவர்களுக்கு உதவுமே.

தயவுசெய்து வேண்டாம். இதில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். எங்கள் வரிசையில் டிங்கி வந்து பன்னிரண்டு நாள் மருத்துவமனையில் கிடந்த பிள்ளையைப் பார்த்திருக்கிறேன்.

ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை, தெளிந்த தேங்கிய தண்ணீரைத்தான் தேடும். முட்டை பொரித்துக் கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். இரண்டு குடும்பங்களுக்கு நடுவே வீடு பூட்டிக் கிடப்பதும் சில நேரம் அவ்வளவு நாள்தான். பக்கெட்டைக் கவிழ்த்து வையுங்கள். பூந்தொட்டித் தட்டு, குழந்தைகள் மணலில் விளையாடிய வாளி, வெளியே வைத்த ஐஸ் பெட்டி, இவற்றில் தண்ணீர் நிற்கிறதா பாருங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உள்சுவரைக் கையால் ஒருமுறை தேய்க்க வேண்டும். முட்டை அந்த ஓரத்தில்தான் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. கழிப்பறைக் கிண்ணத்தின் மூடியையும் மூடிவிடுங்கள்.

கிளம்பியவுடன் வீட்டைக் கூட்டக் கூடாது என்று பாட்டி சொல்கிறார். நீங்கள் உடனே வந்து கூட்டுவீர்களா?

அம்மாவும் இதே பேச்சுத்தான். ஒருவர் பயணம் போன கையோடு பின்னால் பெருக்கித் தள்ளுவது அவருக்குப் பிடிக்காது. அதனால் நாங்கள் வந்ததும் முதலில் சன்னல்களைத் திறப்போம், விரிப்புகளை எடுப்போம், பிரிட்ஜைப் பார்ப்போம். துடைப்பத்தைக் கையில் எடுக்க எப்படியும் ஒரு மணி நேரம் ஆகிவிடும். அதற்குள் நீங்கள் பாலம் தாண்டியிருப்பீர்கள். பாட்டியிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

ஞாயிறு 12 மணிக்கு எமகண்டம் தொடங்குகிறது. காலி செய்யும் நேரமும் அதுதான். என்ன செய்ய?

நாட்காட்டியில் ஞாயிறு எமகண்டம் 12 முதல் 1.30 வரை. சிலர் பதினொன்றரைக்கே கிளம்பிவிடுகிறார்கள். அது முடியாதவர்கள் பரஸ்தானமாக ஒரு பையை முன்கூட்டியே வெளியே கொண்டுபோய் வைக்கிறார்கள். எங்கள் வீடு நாலு வாசல் தள்ளித்தான், அங்கே வையுங்கள். அம்மா திண்ணையில்தான் இருப்பார். அன்று வேறு யாரும் வரவில்லை என்றால் 1.30 வரை இருந்துவிட்டும் போகலாம், முந்தின நாளே கேட்டுவிடுங்கள்.

ஏதாவது உடைந்துவிட்டால்?

சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான். கண்ணாடிக் குவளை, தட்டு போன்றவற்றுக்கு நாங்கள் காசு வாங்குவதில்லை. உடைந்த சில்லை அட்டையில் சுற்றித் தனியாக வையுங்கள், குப்பை அள்ளுபவரின் கையைக் கிழித்துவிடக் கூடாது.

முன்பணம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் குடும்பத்தோடு வேறோர் ஊரில் தங்கியபோது, குளியலறைக் கண்ணாடியில் ஏற்கனவே இருந்த விரிசலுக்காக 200 வெள்ளியைப் பிடித்துக்கொண்டார்கள். காட்ட எங்களிடம் ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து நான் எங்கே தங்கினாலும் நுழைந்ததும் ஒருமுறை, கிளம்பும் முன் ஒருமுறை எல்லா அறைகளையும் கைப்பேசியில் காணொலி எடுத்துவிடுகிறேன். இங்கேயும் எடுங்கள். நாங்கள் தவறாக நினைக்க மாட்டோம்.

எதையாவது மறந்துவிட்டுப் போனால் அனுப்பி வைப்பீர்களா?

அனுப்புவோம், அஞ்சல் செலவு மட்டும் உங்களுடையது. ஆனால் சில பொருள்களுக்கு அந்த இரண்டு நாளே பெரிய கஷ்டம். ஒரு தாத்தா தலையணை உறைக்குள் காதுக் கருவியைக் கழற்றி வைத்திருந்தார். சலவைக்குப் போடும் முன் அம்மா எல்லா உறைகளையும் கைவிட்டுத் தடவிப் பார்ப்பார், அதனால் கிடைத்தது. விரல்நுனி அளவுதான் இருந்தது. கூப்பிட்டபோது அவர்கள் தைப்பிங் தாண்டியிருந்தார்கள். திரும்பி வந்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஆகவே இந்த இடங்களைப் பாருங்கள்: தலையணை உறைக்குள், குளியலறைக் கதவின் பின்பக்கக் கொக்கியில் (சங்கிலியைக் கழற்றி அங்கேதான் மாட்டுகிறார்கள்), கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள பிளக்கில், பிரிட்ஜ் கதவில். இன்சுலின் ஊசி மருந்து பிரிட்ஜ் கதவில்தான் இருக்கும். அதை மறக்காமல் இருக்க ஒரு வழி, காரின் சாவியை இரவே அந்த மருந்தின் பக்கத்தில் வைத்துவிடுவது. சாவி இல்லாமல் கிளம்ப முடியாது, பாருங்கள்.

ஜாதிக்காய் ஊறுகாய் வாங்கினோம். எப்படிக் கட்டுவது?

சௌராஸ்தா சந்தையில் வாங்கியதானால் பெரும்பாலும் பிளாஸ்டிக் பையில் சாறோடு கட்டித் தந்திருப்பார்கள். அப்படியே பெட்டிக்குள் வைத்தால் ஒழுகும். இறுக மூடும் டப்பாவுக்கு மாற்றி, மூடியைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டி, துணிகளுக்கு நடுவில் நிமிர்த்தி வையுங்கள். வெளிநாட்டு விமானமானால் 100 மில்லிக்கு மேல் சாறு உள்ள எதையும் கைப்பையில் விட மாட்டார்கள். பவர் பேங்க் இதற்கு நேர்மாறு, அது கைப்பையில்தான் வர வேண்டும், பெட்டியில் போடக் கூடாது. பெலாச்சான் (இறால் விழுது) வாங்கியிருந்தால் மூன்று உறை போடுங்கள்.

எத்தனை மணிக்குக் கிளம்பினால் நெரிசலில் மாட்டாமல் போகலாம்?

பத்து பெரிங்கி தீவின் வடமுனையில் இருக்கிறது, பாயான் லெப்பாஸ் விமான நிலையம் தெற்கே. தஞ்சோங் பூங்கா வரை மலைக்கும் கடலுக்கும் இடையே வளைந்து வளைந்து ஒரே சாலைதான். பள்ளி விடுமுறையில் அங்கேயே அரை மணி நேரம் நிற்கலாம். விமானத்துக்குப் போகிறவர்கள் சாலைக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

காரில் கோலாலம்பூர் போகிறவர்கள் ஞாயிறு மதியத்துக்கு முன் பினாங்குப் பாலத்தைத் தாண்டிவிடுவது நல்லது. தீவுக்குள் வரும்போதுதான் பாலத்துக்குக் கட்டணம், வெளியே போகும்போது இல்லை. ஆனால் நெடுஞ்சாலைக்கு வேண்டும், கட்டண அட்டையில் பணம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

சாவியை எங்கே வைப்பது?

முன்கதவைப் பூட்டிவிட்டு, கிரில்லையும் பூட்டி, சாவியை மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் உள்ள எண்பூட்டுப் பெட்டிக்குள் போட்டு எண்களைக் கலைத்துவிடுங்கள். ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் போதும். நேரம் இருந்தால் எங்கள் வீட்டு வாசலில் ஒரு நிமிடம் நிறுத்துங்கள், அம்மா பிள்ளைகளுக்கு ஏதாவது பலகாரம் எடுத்து வைத்திருப்பார். காரில் ஏறும் முன் வாசற்படியில் செருப்புகளை எண்ணிப் பாருங்கள். மழை பெய்தால் நனையாமலிருக்க நாங்கள் சிலவற்றைப் படிக்குக் கீழே தள்ளி வைத்திருப்போம்.